அந்தக் கிளாரினெட் யாருடையது?

1778 மே 1-ஆம் தேதி பாரிஸிலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் மோட்சார்ட் ஒரு புகார் வாசிக்கிறார். நான்கு காற்று வாத்தியக்காரர்கள் முன்னால் நின்று வாசிக்க, பின்னால் ஆர்கெஸ்ட்ரா துணை நிற்க, சின்ஃபோனியா கான்செர்டான்டே என்ற வகையில் ஒரு புதுப் படைப்பை அவசர அவசரமாக எழுதிக் கொடுத்திருக்கிறார். கச்சேரியை நடத்துபவர் ஜோசப் லெ க்ரோ. பிரதி எடுக்க அனுப்பவேண்டிய கையெழுத்துத் தாள்கள் நான்கு நாளாக லெ க்ரோவிடமே இருக்கின்றன. போகும்போதெல்லாம் அவை ஒரே இடத்தில் கிடப்பது மோட்சார்ட் கண்ணில் படுகிறது. அப்புறம் ஒருநாள் அவற்றைக் காணோம். மற்ற இசைத்தாள்களைப் புரட்டிப் பார்த்தால் அடியில் ஒளித்து வைத்திருக்கிறது. ஒன்றும் தெரியாதவர் போல லெ க்ரோவிடம் கேட்கிறார்: பிரதி எடுக்கக் கொடுத்தாயிற்றா? இல்லை, மறந்துவிட்டேன் என்கிறார் அவர்.

அந்தப் படைப்பு குறித்த நாளில் மேடை ஏறவில்லை. வாசிக்க இருந்த இரண்டு பேர் கோபத்தோடு மோட்சார்ட்டிடம் வந்து, ஏன் நம்முடையது நடக்கவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் அதே படைப்பு என்று சொல்லப்படும் ஒன்றை உலகம் முழுக்க வாசிக்கிறார்கள், பதிவு செய்கிறார்கள். நானும் பல வருடங்களாக அதைக் கேட்டு வருகிறேன். அது இதுதானா என்பது இசை ஆய்வாளர்களுக்குள் இன்னும் முடியாத வழக்கு. அந்த வழக்கில் எனக்கும் ஒரு கட்சி உண்டு.

முதலில் அந்த நான்கு பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். மோட்சார்ட்டுக்கு அப்போது 22 வயது. சால்ஸ்பர்க் பேராயரின் வேலையை உதறிவிட்டு, 1777 செப்டம்பரில் அம்மாவுடன் வேலை தேடிக் கிளம்பியவர். மியூனிக்கில் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்து மன்ஹைம். அங்கே இருந்தது அந்தக் காலத்து ஐரோப்பாவின் மிகச் சிறந்த ஆர்கெஸ்ட்ராக்களில் ஒன்று. வேலை அங்கேயும் கிடைக்கவில்லை, நண்பர்கள் கிடைத்தார்கள். புல்லாங்குழல் யோஹான் பாப்டிஸ்ட் வெண்ட்லிங், ஓபோ ஃப்ரீட்ரிஷ் ராம், பசூன் கேயோர்க் வென்சல் ரிட்டர். (ஓபோவும் பசூனும் சீவாளி வைத்து ஊதும் மரக் குழல்கள்.) ராமுக்கு மோட்சார்ட் தன் ஓபோ கான்செர்டோவைக் கொடுத்தார், அந்தக் குளிர்காலத்திலேயே ராம் அதை ஐந்து முறை மேடையில் வாசித்துவிட்டார். 1778 மார்ச் 23-ஆம் தேதி மோட்சார்ட் பாரிஸ் வந்து சேர்ந்தபோது இந்த மூவரும் பாரிஸில் கச்சேரி செய்யும் திட்டத்தில் இருந்தார்கள். நான்காவது ஆள் ஹார்ன் வாசிப்பவர், ஜொவான்னி புன்டோ.

புன்டோ இத்தாலியர் இல்லை. பொஹீமியாவில் பிறந்த யான் வாட்ஸ்லாவ் ஷ்டிஹ். துன் என்ற பிரபுவிடம் சேவகத்தில் இருந்தவர் ஓடிப்போய்ப் பெயரை மாற்றிக்கொண்டார். பிடித்து வாருங்கள், முடியாவிட்டால் முன்பல்லை உடைத்துவிடுங்கள், இனி ஹார்ன் வாசிக்க முடியாமல் போகட்டும் என்று பிரபு ஆள் அனுப்பியதாக ஒரு கதை வழங்குகிறது. உண்மையோ பொய்யோ, பல் தப்பியது. பிற்காலத்தில், 1800-இல், பேத்தோவன் தன் ஹார்ன் சொனாட்டாவை எழுதியது இதே புன்டோவுக்குத்தான். மோட்சார்ட் ஏப்ரல் 5-ஆம் தேதிக் கடிதத்தில் நான்கு பேரையும் பெயர் சொல்லி, இவர்களுக்கு ஒரு சின்ஃபோனியா கான்செர்டான்டே எழுதப்போகிறேன், புன்டோ அற்புதமாக வாசிக்கிறார் என்கிறார். புல்லாங்குழல், ஓபோ, ஹார்ன், பசூன். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

(ஹார்ன் உலோக வாத்தியமாயிற்றே, மர வாத்தியங்களோடு அதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். கேட்பவர் காதுக்கு அது இரண்டு வீட்டுக்கும் சொந்தம். அன்றைய ஹார்னில் வால்வு கிடையாது. வெறும் சுருட்டிய குழாய். உதட்டின் இறுக்கத்தாலும், வாய் அகன்ற முனைக்குள் வலது கையை நுழைத்து அடைத்தும் திறந்தும்தான் சுரங்களை எடுக்க வேண்டும். அந்தக் கைவேலையில் புன்டோ பெரிய ஆள்.)

பாரிஸில் அப்போது இந்த வகைப் படைப்புக்கு நல்ல சந்தை இருந்தது. 1770-களிலிருந்து ஐம்பது அறுபது வருடம் அந்த ஊர்க்காரர்களுக்கு இதன் மேல் ஒரு மோகம். தனி வாத்திய கான்செர்டோவில் ஒருவரைக் கொண்டாட வேண்டும். இதில் இரண்டு, மூன்று, நான்கு பேர் ஒரே மாலையில் போட்டி போடுவார்கள், கொஞ்சுவார்கள், ஒருவர் வாயிலிருந்து அடுத்தவர் வாங்குவார். பெரும்பாலும் இரண்டே பகுதிகள், மெதுவான பகுதியே இருக்காது. மேஜர் சுருதி, சிரித்த முகம். கச்சேரி நடத்துபவருக்கும் இதில் லாபம். வெளியூரிலிருந்து ஒரு பெரிய வயலின்காரரை வரவழைக்க வேண்டாம், தன் ஆர்கெஸ்ட்ராவின் முன்வரிசை ஆட்களையே எழுப்பி நிறுத்தினால் போதும்.

லெ க்ரோ நடத்தியது கான்செர் ஸ்பிரிச்சுவேல். 1725-இல் தொடங்கிய கச்சேரித் தொடர். மதப் பண்டிகை நாட்களில் ஆப்பரா நடக்கக் கூடாது. அந்த நாட்களில் டுயிலெரி அரண்மனை மண்டபத்தில் இந்தக் கச்சேரிகள் நடந்தன. லெ க்ரோவே பெரிய பாடகர். க்ளூக்கின் ஆர்ஃபியஸ் ஆப்பரா 1774-இல் பாரிஸ் வந்தபோது நாயகனாகப் பாடியவர் இவர்தான். வேறொருவரின் வழிபாட்டு இசைக்குச் சேர்க்க மோட்சார்ட்டிடம் சில கோரஸ்களை எழுதி வாங்கிக்கொண்டதும் இவர்தான். அவையும் தொலைந்துவிட்டன.

மோட்சார்ட்டின் சந்தேகம் லெ க்ரோவைத் தாண்டி இன்னொருவர் மேல் விழுகிறது. ஜூசெப்பே காம்பினி. லிவோர்னோவிலிருந்து பாரிஸ் வந்து குடியேறிய இத்தாலியர், இந்த வகைப் படைப்புகளை மட்டுமே 80-க்கும் மேல் எழுதிக் குவித்தவர். லெ க்ரோ வீட்டில் இருவரும் முதன்முதலில் சந்தித்தபோது, மோட்சார்ட் காம்பினியின் குவார்டெட் ஒன்றைப் பாராட்டி, அதன் தொடக்கத்தைக் கீபோர்டில் வாசித்துக் காட்டியிருக்கிறார். ஞாபகம் இருந்தது அவ்வளவுதான். அங்கிருந்தவர்கள் விடவில்லை. மிச்சத்தைத் தானே கற்பனையில் வாசித்துத் தள்ளிவிட்டார். காம்பினி தடுமாறிப்போய், இது பெரிய மண்டை என்று இத்தாலிய மொழியில் சொன்னாராம். அதை அவர் ரசித்திருக்க மாட்டார், அதனால்தான் என் படைப்பை அமுக்கிவிட்டார் என்பது மோட்சார்ட்டின் தீர்ப்பு.

நமக்கு இருப்பது மோட்சார்ட்டின் வாய்மொழி மட்டும்தான். காம்பினி ஏதாவது செய்தார் என்பதற்கு வேறு சாட்சி இல்லை. அந்தக் கடிதங்கள் யாருக்குப் போயின என்பதையும் பார்க்க வேண்டும். அப்பா லெயோபோல்ட், கடன் வாங்கி மகனை அனுப்பியவர், போன இடத்தில் என்ன சம்பாதித்தாய் என்று ஒவ்வொரு தபாலிலும் கேட்பவர். அவருக்கு எழுதும் கடிதத்தில் தோல்விக்கு ஒரு வில்லன் தேவைப்படும். காம்பினியை இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக எல்லோரும் திட்டுவது எனக்கு அநியாயமாகவே படுகிறது. லெ க்ரோ நிஜமாகவே மறந்திருக்கலாம். பிரதி எடுப்பவருக்குக் கூலி கொடுக்க மனமில்லாமல் தள்ளிப்போட்டிருக்கலாம். ஜூன் 18-ஆம் தேதி அதே லெ க்ரோ மோட்சார்ட்டின் புது சிம்ஃபனியை அதே மேடையில் ஏற்றினார், அது நன்றாகவே எடுபட்டது. விரோதி செய்கிற காரியம் இல்லையே.

பாரிஸ் அவருக்குக் கொடுத்தது இதைவிடப் பெரிய அடி. ஜூலை 3-ஆம் தேதி அம்மா அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். செப்டம்பர் கடைசியில் மோட்சார்ட் தனியாகக் கிளம்பினார். வழியில் நான்சி என்ற ஊரிலிருந்து அக்டோபர் 3-ஆம் தேதி எழுதுகிறார்: லெ க்ரோ என்னிடமிருந்து இரண்டு ஓவர்ச்சர்களையும் அந்த சின்ஃபோனியா கான்செர்டான்டேயையும் வாங்கிக்கொண்டார், தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்கிறார், ஆனால் எல்லாம் என் தலையில் புதிதாகவே இருக்கிறது, வீட்டுக்குப் போனதும் மறுபடி எழுதிவிடுவேன். அப்படி எழுதியதற்கு ஒரு தாள்கூட அகப்படவில்லை. விற்ற சரக்கைத் தலையிலிருந்து மறுபடி எடுத்து இன்னொரு முறை விற்கும் யோசனை அது என்பது வேறு விஷயம்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். மோட்சார்ட்டின் படைப்புகளுக்கு எண் கொடுத்துப் பட்டியலிட்டவர் லுட்விக் ஃபான் கோஷெல். தொலைந்துபோன படைப்புகளின் பட்டியலில் ஒரு வரியாகவே 1862-இல் அவர் இதைப் பதிந்தார். 1869-இல் ஒட்டோ யான் இறந்தார். மோட்சார்ட் வாழ்க்கை வரலாற்றை முதன்முதலில் ஆய்வு முறைப்படி எழுதிய பேராசிரியர். அவர் விட்டுப்போன தாள்களுக்குள் ஒரு பிரதி இருந்தது. யாரோ ஒரு எழுத்தர் படியெடுத்தது, மோட்சார்ட் கையெழுத்து இல்லை. நான்கு காற்று வாத்தியங்களும் ஆர்கெஸ்ட்ராவும், ஈ-ஃப்ளாட் மேஜர், மூன்று பகுதிகள். அகப்பட்டுவிட்டது என்று எல்லோரும் குதித்தார்கள். ஒரே ஒரு சங்கடம். அதில் இருந்த வாத்தியங்கள் ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பசூன். புல்லாங்குழலைக் காணோம், அழைக்காத கிளாரினெட் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அதற்கப்புறம் இந்தப் படைப்பு பட்ட பாட்டை அதன் எண்ணே சொல்லும். 1937-இல் இசை ஆய்வாளர் ஆல்ஃபிரெட் ஐன்ஸ்டைன் திருத்திய கோஷெல் பட்டியலில் இது மோட்சார்ட்டுடையதே என்று 297பி ஆனது. 1964-இல் வந்த ஆறாம் பதிப்பில் சந்தேகத்துக்குரியவை இருக்கும் பின்னிணைப்புக்குத் தள்ளப்பட்டது.

என்னிடம் முதலில் வந்தது ஒரு நண்பர் பதிந்து கொடுத்த கேசட். அதன் மேல் பேனாவில் மோட்சார்ட் என்று மட்டும் இருந்தது, வாத்தியங்களின் பெயர்கூட இல்லை. சந்தேகம் என்று ஒன்று உண்டு என்பதே தெரியாமல் பல காலம் கேட்டேன். அதை ஒரு அதிர்ஷ்டமாகவே நினைக்கிறேன். இன்று சிடி உறையிலும் இணையத்திலும் "மோட்சார்ட் எழுதியதாகக் கருதப்படும்" என்ற வால் சேர்ந்தே வருகிறது. அதைப் படித்துவிட்டுக் கேட்பவர் ஒவ்வொரு இடத்திலும் போலீஸ்காரர் போலத்தான் கேட்பார். எனக்கு முதலில் கேட்டது நான்கு பேரின் மூச்சு.

நான்கு காற்று வாத்தியங்களை முன்னால் நிறுத்தி எழுதுவதில் முதல் பிரச்சினையே மூச்சுதான். வயலின்காரர் வில்லைத் திருப்பித் திருப்பி எவ்வளவு நேரமும் இழுக்கலாம். இவர்களால் முடியாது. அதிலும் நான்கு பேருக்கும் நான்கு விதமான மூச்சு. புல்லாங்குழல் காற்றைக் குடிக்கும். ஊதுவதில் ஒரு பங்கு குழலுக்குள் போகாமலே வீணாகும். ஓபோவில் நேர்மாறு. அதன் இரட்டைச் சீவாளியின் வாய் ஊசி போல ஒடுங்கியது, காற்று உள்ளே போகவே போகாது. ஓபோ வாசிப்பவருக்குக் கஷ்டம் மூச்சு தீர்வதில் இல்லை, தீராமல் நெஞ்சில் தேங்குவதில். பழைய காற்றை வெளியே விட்டுவிட்டுத்தான் புதுக் காற்றை இழுக்க வேண்டும், இரண்டுக்கும் இடம் வேண்டும். ஹார்ன் வாசிப்பவருக்கு மூச்சுக்கு முன்னால் உதடு சோர்ந்துபோகும். ஆக, ஒருவர் ஓயும் இடத்தில் இன்னொருவர் வாங்கியாக வேண்டும், வாங்குவது இயல்பாகவும் தெரிய வேண்டும். எழுதுபவர் நால்வரின் உடம்பும் அறிந்தவராக இருந்தால்தான் இது நடக்கும்.

சுருதி இன்னொரு தலைவலி. சத்தத்தைக் கூட்டினால் புல்லாங்குழலின் சுருதி மேலே ஏறும், கிளாரினெட்டின் சுருதி கீழே இறங்கும். குழாயின் அமைப்பே வேறு. ஓபோவும் பசூனும் மெல்ல அகன்றுகொண்டே போகும் கூம்புக் குழாய்கள், கிளாரினெட் கிட்டத்தட்ட ஒரே அகலம். அதனால் அழுத்தி ஊதினால் ஓபோ ஒரு ஸ்தாயி மேலே தாவும், கிளாரினெட் அதையும் தாண்டி ஒன்றரை ஸ்தாயிக்குப் போகும். ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி தெரிந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம். இவற்றைச் சேர்த்து, பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் ஒரு கார்டை மெல்ல வளர்த்து நிறுத்துவது வாசிப்பவர்களுக்கு வியர்வை வரவழைக்கிற வேலை.

யான் வைத்திருந்த அந்தப் படைப்பில் இந்தக் கைமாற்றங்கள் மிக அழகாக நடக்கின்றன. முக்கியமாக நடுப்பகுதி, மெதுவாக நகரும் அடாஜியோ. ஒருவர் ஒரு வரியைத் தொடங்கி நிறுத்த, அடுத்தவர் அதே வரியை வேறு நிறத்தில் வாங்கிக்கொள்ள, மற்ற இருவரும் அடியில் மெல்ல அசைந்தபடி இருக்கிறார்கள். சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்கிற இசை. யார் எழுதியதாக இருந்தாலும் அவர் காற்று வாத்தியக்காரர்களோடு பழகியவர்.

ஆனால் நால்வரும் நிறுத்திவிட்டு ஆர்கெஸ்ட்ரா மட்டும் வாசிக்கிற இடங்களில் எனக்குக் காது தளர்ந்துவிடும். கடைசிப் பகுதி ஒரு பாட்டும் அதன் பத்து வேரியேஷன்களும். ஒவ்வொரு வேரியேஷன் முடிந்ததும் ஆர்கெஸ்ட்ரா வந்து ஒரே சின்னத் துண்டை, கிட்டத்தட்ட மாற்றமே இல்லாமல், வாசித்துவிட்டுப் போகிறது. மூன்றாவது முறை வரும்போது, சரி, புரிந்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். அப்புறமும் வருகிறது, விடாமல் வருகிறது. மோட்சார்ட்டிடம் மோசமான நாட்கள் உண்டு. ஆனால் அவர் சலிப்பூட்டுவது இந்த வகையில் அல்ல.

மூன்று பகுதிகளும் ஈ-ஃப்ளாட் மேஜரிலேயே இருப்பது அதைவிட உறுத்துகிறது. மோட்சார்ட்டின் கான்செர்டோக்களில் நடுப்பகுதி வேறு சுருதிக்குப் போய்விடும். அடுத்த வருடமே, 1779-இல், வயலினுக்கும் வியோலாவுக்கும் எழுதிய சின்ஃபோனியா கான்செர்டான்டேயும் ஈ-ஃப்ளாட் மேஜர்தான். அதன் நடுப்பகுதி சி மைனருக்குப் போய் ஆளை உலுக்கிவிடுகிறது. 1784-இல் பியானோவோடு இதே ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பசூனைச் சேர்த்து எழுதிய க்வின்டெட்டும் ஈ-ஃப்ளாட். என் வாழ்நாளில் எழுதியதில் இதுவே சிறந்தது என்று அப்பாவுக்குக் கடிதம் போட்டாரே, அதுதான். அதன் நடுப்பகுதி பி-ஃப்ளாட். இங்கே மட்டும் மூன்று முறையும் அதே வாசலில் நிற்பது ஏன்? முதல் பகுதியிலும் ஒரு வினோதம். வழக்கமாக ஆர்கெஸ்ட்ரா ஒருமுறை, தனி வாத்தியம் ஒருமுறை என்று கருக்களை இரண்டு தடவை அறிமுகம் செய்வார்கள். இதில் ஆர்கெஸ்ட்ரா ஒன்று, நால்வர் இரண்டு என்று மூன்று தடவை.

இந்த உறுத்தல்களை எல்லாம் வரிசைப்படுத்தி ஒரு விடை சொன்னவர் அமெரிக்கப் பியானோ கலைஞர் ராபர்ட் லெவின். 1970-களில் அவரும் டேனியல் லீசனும் சேர்ந்து மோட்சார்ட்டின் கான்செர்டோக்களை அளந்தார்கள். எந்தப் பிரிவு எவ்வளவு நீளம், தனி வாத்தியப் பகுதிக்கும் ஆர்கெஸ்ட்ரா பகுதிக்கும் என்ன விகிதம் என்று கணக்கெடுத்து, அதே அளவுகோலை இந்தப் படைப்பின் மேல் வைத்தார்கள். தனி வாத்தியப் பகுதிகள் மோட்சார்ட்டின் பழக்கத்தோடு ஒத்துப்போயின. ஆர்கெஸ்ட்ரா பகுதிகள் ஒத்துப்போகவில்லை. அதிலிருந்து லெவின் ஒரு கதையை ஊகிக்கிறார். நால்வரின் தனிப் பாகங்கள் மட்டும் யாரிடமோ தங்கிவிட்டன. ஆர்கெஸ்ட்ரா தாள்கள் தொலைந்துவிட்டன. பிற்காலத்தில் ஒருவர் அந்தப் பாகங்களை வைத்து ஆர்கெஸ்ட்ராவைத் தானே இட்டு நிரப்பினார். போகிறபோக்கில் புல்லாங்குழல் பாகத்தை ஓபோவுக்கும் ஓபோ பாகத்தைக் கிளாரினெட்டுக்கும் மாற்றிவிட்டார். 1988-இல் லெவின் இதற்கென்றே ஒரு முழுப் புத்தகமும் எழுதினார். எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. மொத்தமும் போலி என்பவர்களும், மொத்தமும் அசல் என்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

கணக்குப் போட்டு இசையமைப்பாளரைக் கண்டுபிடிப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனால் லெவின் சொல்கிற இடத்தில்தான் என் காதும் தளர்கிறது. நால்வர் வாசிக்கும்போது ஒரு மனிதரும், அவர்கள் நிறுத்தியதும் வேறு மனிதரும் பேசுவதாகவே கேட்கிறது. அந்த வரைக்கும் நான் லெவின் கட்சி.

அந்தக் கிளாரினெட்டுக்கு வருவோம். இந்தப் படைப்பை விரும்புகிற யாரிடமும் கேளுங்கள், எது பிடித்தது என்று. பாதிப் பேர் கிளாரினெட் என்பார்கள். நானும் அதையே சொல்வேன். கீழ்ஸ்தாயியில் அது அலை அலையாக உருட்டிக்கொண்டு மேலே ஓபோவைப் பாடவிடும் இடங்கள், அடாஜியோவில் அது உள்ளே நுழையும்போது சட்டென்று வெளிச்சம் மங்கி வெப்பம் கூடுவது போன்ற உணர்வு. இதைக் கேட்டுவிட்டு, இது மோட்சார்ட் இல்லாமல் வேறு யார், கிளாரினெட்டை இப்படி நேசித்தவர் வேறு யார் என்று எழுதியவர்களை நிறையப் படித்திருக்கிறேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். இது மோட்சார்ட் 1778-இல் எழுதியதே என்றால், அவர் எழுதியது புல்லாங்குழல், ஓபோ, ஹார்ன், பசூனுக்கு. அவர் கைப்பட எழுதிய கடிதம் சாட்சி. அதில் கிளாரினெட் இல்லை. இது மோட்சார்ட் இல்லை என்றால், எதுவுமே அவருடையது இல்லை, கிளாரினெட்டும்தான். எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கிளாரினெட் அவருடையது ஆகாது. தப்பிக்க ஒரே வழி, பின்னாளில் அவரே வாத்தியங்களை மாற்றி எழுதினார் என்பது. அப்படி ஊகித்தவர்களும் உண்டு. அதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட ஆதாரம் இல்லை.

அப்படியானால் நமக்கு ஏன் அது அவ்வளவு மோட்சார்ட்டாகக் கேட்கிறது? 1789-இல் கிளாரினெட் க்வின்டெட், 1791-இல், சாவதற்கு இரண்டு மாதம் முன்பு, கிளாரினெட் கான்செர்டோ. வியன்னாவில் ஆன்டன் ஷ்டாட்லர் என்ற நண்பருக்காக எழுதியவை. அவற்றில் ஊறிய காதோடு நாம் 1778-க்குத் திரும்பிப் போகிறோம். அங்கே ஒரு கிளாரினெட் கேட்டால் உடனே கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டதாக நினைக்கிறோம். பாரிஸில் இருந்த 22 வயதுக்காரர் அப்போதுதான் அந்த வாத்தியத்தை சிம்ஃபனிக்குள் கொண்டுவரத் தொடங்கியிருந்தார். ஜூன் மாதம் லெ க்ரோ நடத்தினாரே, அந்தச் சிம்ஃபனிதான் மோட்சார்ட் கிளாரினெட் சேர்த்து எழுதிய முதல் சிம்ஃபனி. அதே வருடம் டிசம்பரில் அப்பாவுக்கு எழுதுகிறார்: நம்மிடமும் கிளாரினெட் இருந்தால் எப்படி இருக்கும்! ஏங்குகிற ஆளின் குரல் அது.

அந்த முகம் தெரியாத மனிதரைப் பற்றித்தான் நான் அடிக்கடி யோசிக்கிறேன். லெவின் சொல்வது சரி என்றால், அவர் ஆர்கெஸ்ட்ரா எழுதுவதில் சுமார், ஒரே துண்டை வெட்கமில்லாமல் திரும்பத் திரும்ப ஒட்டியவர். ஆனால் ஓபோ பாகத்தைக் கிளாரினெட்டுக்கு மாற்றும்போது அப்படியே நகலெடுக்கவில்லை. ஓபோவால் எட்டவே முடியாத கீழ்ச்சுரங்களில் புதிதாக எழுதிச் சேர்த்திருக்க வேண்டும். அந்தக் காலத்து ஓபோ நடு சி-க்குக் கீழே இறங்காது. கிளாரினெட்டுக்கு அதற்கும் கீழே கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி மிச்சம் இருக்கிறது, அதன் மிக அழகான சதையே அங்கேதான். ஒருவேளை அவரே கிளாரினெட் வாசிப்பவராக இருந்திருக்கலாம், தன் ஊர் நண்பர்கள் நால்வர் சேர்ந்து வாசிக்க ஒன்று வேண்டும் என்று செய்திருக்கலாம். இது என் கற்பனை. ஆனால் காம்பினிமேல் பழி போடுவதைவிட இந்தக் கற்பனை யாருக்கும் கெடுதல் செய்யாது.

இந்த வகை அதோடு செத்துப்போய்விடவில்லை. 1935-இல் ழான் ஃப்ரான்ஸே புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன் நான்குக்கும் ஒரு கான்செர்டோ எழுதினார், குறும்பும் துள்ளலுமாக. கிழவர் ரிச்சர்ட் ஷ்ட்ராவுஸ் 1947-இல் கிளாரினெட்டுக்கும் பசூனுக்கும் எழுதியது அந்திவெயில் மாதிரி. இவற்றில் எனக்கு நெருக்கமானது பால் ஹிண்டமித் 1949-இல் நான்கு மர வாத்தியங்களோடு ஹார்ப்பையும் சேர்த்து எழுதியது. ஹிண்டமித்தை வறட்டு வாத்தியார் என்று சொல்பவர்கள் அதன் கடைசிப் பகுதியைக் கேட்க வேண்டும். மற்றவர்கள் தம்பாட்டுக்குத் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, கிளாரினெட் மட்டும் மென்டல்சனின் திருமண மார்ச்சை ஊதிக்கொண்டு போகும். அவர்களின் வெள்ளிவிழாத் திருமண நாளுக்காக மனைவி கெர்ட்ரூடுக்கு வைத்த ரகசியம். எழுதியவர் யார் என்ற சந்தேகமே இல்லாத ஒரு கிளாரினெட்.

எதைக் கேட்பது என்று கேட்டால், 1953-இல் நடத்துநர் காராயன் லண்டன் ஃபில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ராவோடு பதிந்ததிலிருந்து தொடங்குங்கள். சிட்னி சட்க்ளிஃப் ஓபோ, பெர்னார்ட் வால்டன் கிளாரினெட், டென்னிஸ் ப்ரைன் ஹார்ன், சிசில் ஜேம்ஸ் பசூன். நால்வரும் அந்த ஆர்கெஸ்ட்ராவின் ஆட்களே, தினமும் பக்கத்துப் பக்கத்தில் உட்காருபவர்கள், அது வாசிப்பில் தெரியும். நான்கு வருடத்தில் ப்ரைன் 36 வயதில் கார் விபத்தில் போய்விட்டார். அடுத்து, லெவின் புல்லாங்குழலைத் திருப்பிக் கொண்டுவந்து ஆர்கெஸ்ட்ராவையும் புதிதாக எழுதிய வடிவம். நெவில் மரினர் நடத்தியது, ஒரேல் நிக்கொலே, ஹைன்ஸ் ஹொலிகர், ஹெர்மான் பாவ்மன், க்ளாவுஸ் தூனமன் வாசித்தது. முதல் பகுதி இதில் தெளிந்துவிட்டது. கடைசிப் பகுதியும் மூச்சு விடுகிறது. ஆய்வாளராக லெவின் ஜெயித்துவிட்டார் என்றே சொல்வேன். ஆனால் அடாஜியோ வந்ததும் நான் பழையதற்கே போய்விடுகிறேன். கிளாரினெட் இல்லாமல் அதில் ஒரு சுவர் குறைகிறது.

அசல் மோட்சார்ட் அந்த நால்வரை எப்படிக் கையாண்டிருப்பார் என்று தெரிந்துகொள்ள வேறொரு வழியும் இருக்கிறது, பலரும் அந்தப் பக்கம் தேடுவதில்லை. 1781 ஜனவரி 29-ஆம் தேதி மியூனிக்கில் அரங்கேறிய இடொமெனேயோ ஆப்பராவில் இலியா இரண்டாம் அங்கத்தில் பாடும் பாட்டு. மன்ஹைம் பிரபு பவேரியாவுக்கும் அதிபதியாகி மியூனிக் போக, ஆர்கெஸ்ட்ராவில் பெரும்பகுதியும் கூடவே இடம்பெயர்ந்திருந்தது. வெண்ட்லிங்கும் ராமும் அங்கே இருந்தார்கள். இலியாவாகப் பாடியவர் வெண்ட்லிங்கின் மனைவி டோரோதேயா. அவர் குரலோடு சேர்ந்து நான்கு காற்று வாத்தியங்கள் தனித்து வாசிக்கின்றன: புல்லாங்குழல், ஓபோ, ஹார்ன், பசூன். சுருதி ஈ-ஃப்ளாட் மேஜர். பாரிஸில் தாளுக்கடியில் போனதே, அதே கூட்டம், கையெழுத்தில் சந்தேகமே இல்லாமல். அப்பாவை இழந்த பெண் எதிரி நாட்டு அரசனிடம் நீங்களே எனக்கு இனித் தகப்பன் என்று பாட, நால்வரும் அவளுடைய ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் புகுந்து பதில் சொல்கிறார்கள். வெறுமனே இட்டு நிரப்பிய ஒரு அடிகூடக் கிடையாது. ஐந்தாறு நிமிடம்தான். கான்செர்டான்டேயைக் கேட்ட கையோடு இதையும் கேட்டுப் பாருங்கள், அப்புறம் நீங்கள் எந்தக் கட்சி என்று முடிவு செய்யலாம்.